ஓசுவின் முறையில் இருவர் பேசும் காட்சியை எடுப்பது எப்படி?

1923-இல் ஷோசிக்கு ஸ்டுடியோவில் கேமரா உதவியாளராகச் சேர்ந்த ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு, பேசாப் படக் காலத்தில் கேமராவை நகர்த்தியும் எடுத்தவர். பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டார். 1958-இல் வண்ணத்துக்கு வந்தபின் கேமரா அசையவே இல்லை. எனவே முதல் தேவை, தரையோடு தாழும் ஒரு டிரைபாட்.

லென்ஸில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஓசுவுக்குப் பிடித்தது 50 மி.மீ. என்று படித்துவிட்டு, ஃபுல் ஃபிரேம் கேமராவில் (36 × 24 மி.மீ. சென்சார்) அதையே மாட்டுவார்கள்; அறை அகன்றுவிடும், முகம் சிறுத்துவிடும். அவருடைய பிலிம் சட்டகம் ஏறத்தாழ 22 × 16 மி.மீ.தான். ஃபுல் ஃபிரேமில் அதற்கு ஈடு சுமார் 75 மி.மீ. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் 50 அப்படியே பொருந்தும். செல்போனில் 3எக்ஸ் லென்ஸ் கிட்டத்தட்ட சரி. விகிதம் 4:3. ஓசு கடைசிவரை அகலத்திரைக்குப் போகவில்லை.

கேமரா உயரம் பாயில் அமர்ந்தவரின் கண்மட்டம் என்பார்கள். உண்மையில் அதற்கும் கீழே. உட்கார்ந்தவரின் உச்சந்தலை தரையிலிருந்து 85 செ.மீ. என்றால், லென்ஸ் 45 முதல் 55 செ.மீ.க்குள் இருக்கட்டும். தாழ்ந்த கேமராவை அண்ணாந்து பார்க்க வைக்காதீர்கள். ஷோஜி எனும் காகிதச் சறுக்குக் கதவுகளின் நேர்க்கோடுகள் சாய்ந்துவிடும், சட்டகத்தின் அமைதியே குலைந்துவிடும்.

இருவரையும் தனித்தனியே, ஏறக்குறைய நேர்முகமாக எடுங்கள். தோள் வழியாக எடுப்பது வேண்டாம். இருவர் முகமும் சட்டகத்தில் ஒரே இடத்தில், ஒரே அளவில் அமைய வேண்டும். பார்வை லென்ஸை ஒட்டி, இருவருக்கும் ஒரே பக்கம். இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டக் கூடாது என்ற 180 பாகை விதி உடைகிறதே என்று தயங்க வேண்டாம். அவர் அதை வேண்டுமென்றேதான் மீறினார். பேசுபவர் வசனத்தை முழுதாக முடித்த பிறகே வெட்டுங்கள்.

ஷாட்டுக்கு ஷாட் கோப்பை, பாட்டில்களை நகர்த்தி சட்டகத்தைச் சமன் செய்யலாம். ‘ஈக்வினாக்ஸ் ஃபிளவர்’ படத்தின் சிவப்புக் கெட்டிலை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள், புரியும்.

காட்சி மாறும்போது ஃபேடோ (படம் இருண்டு மறைவது) டிசால்வோ (ஒரு படம் மற்றதில் கரைவது) வேண்டாம். ஆளில்லாத இரண்டு மூன்று ஷாட்கள் போதும்: நடைவழி, கொடியில் துணி, புகைபோக்கி. அழகுக்காகப் பொறுக்கினால் காலண்டர் படமாகிவிடும். கதை நடக்கும் இடத்திலிருந்தே எடுங்கள். 1949-இல் வந்த ‘லேட் ஸ்பிரிங்’ படத்தில், கியோட்டோ விடுதியில் மகள் புன்னகைக்கிறாள்; அடுத்து ஒரு ஜாடி; மறுபடி அவள் முகம், இப்போது அழுகையின் விளிம்பில். அந்த ஜாடி சில விநாடிகள் திரையில் நிற்கிறது. எடிட்டிங்கில் முதலில் குறைக்கத் தோன்றுவதும் இந்த ஷாட்டைத்தான். அதில் கைவைக்காதீர்கள்.