உங்கள் எம்.எல்.ஏ. கட்சி தாவினால் பதவி போகுமா: கண்டுபிடிப்பது எப்படி

டிவியில் துண்டு மாற்றிப் போட்டதைப் பார்த்ததும் 'பதவி காலி' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் அவர் எந்தச் சின்னத்தில் ஜெயித்தார் என்று பாருங்கள். சுயேச்சை என்றால் வேலை சுலபம், ஜெயித்தபின் எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பதவி போகும்.

கட்சிக்காரர் என்றால் இரண்டு கேள்வி. சட்டமன்றத்தில் எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சியின் கொறடா போட்ட உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாரா, அல்லது போடாமல் நழுவினாரா? கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிட்டால் தப்பிக்கலாம். அடுத்தது, தானாகக் கட்சியை விட்டாரா? இதற்கு ராஜினாமா கடிதம் தேவையில்லை, நடத்தையே போதும். 2017 ஆகஸ்டில் 18 அதிமுக எம்.எல்.ஏ.க்கள் முதல்வர் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் மனு கொடுத்தார்கள், அவ்வளவுதான். கட்சியை விட்டு விலகுவதாக யாரும் சொல்லவில்லை, ஆனாலும் செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தகுதிநீக்கம் செய்தார், 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது.

அப்புறம் தலையை எண்ணுங்கள். கட்சி இன்னொன்றோடு இணைந்து, அதன் எம்.எல்.ஏ.க்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒத்துக்கொண்டால் தகுதிநீக்கம் கிடையாது. மூன்றில் ஒரு பங்கு போதும் என்ற பழைய சலுகை 2003-இல் ஒழிந்தது.

எல்லாம் பொருந்தினாலும் தீர்ப்பு சபாநாயகர் கையில். சாதாரணமாக மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்னது. ஆளுங்கட்சிக்குத் தாவியவர் என்றால் கோப்பு எவ்வளவு வேகமாக நகரும் என்று உங்களுக்கே தெரியும்!