லாமினைட்டிஸ் வந்த குதிரையின் வலியைக் குறைப்பது எப்படி: தரை, நாடி, ஐஸ், தீவனம்

குதிரை முன்னங்கால்கள் இரண்டையும் முன்னால் நீட்டி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து நிற்கிறதா? எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறதா? பக்கவாட்டில் திருப்பினால் அடி எடுத்து வைக்கவே தயங்குகிறதா? அப்படியென்றால் அது லாமினைட்டிஸ் என்ற குளம்பு நோயாக இருக்கலாம். முதலில் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், அப்புறம் இதைப் படியுங்கள். அவர் வரும்வரை என்ன செய்யலாம், வந்து போனபின் நாள்தோறும் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

நான் பார்த்துக்கொள்வது சிட்டு என்ற மட்டக்குதிரை. சுமார் 300 கிலோ எடை, தண்ணீர் குடித்தாலே சதை போடும் உடம்பு. அவளுக்கு இந்த நோய் கடுமையாக வந்து, இப்போது மறுபடி நடக்கிறாள். நான் மருத்துவர் இல்லை. மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு. ஆனால் டாக்டர் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடுவார். மீதி 23 மணி நேரம் நம் கையில்தான் இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளம்புக்குள் ஓர் எலும்பு இருக்கிறது. நம் நகம் சதையோடு ஒட்டியிருப்பதுபோல், அந்த எலும்பு லாமினா என்ற மெல்லிய இதழ்களால் குளம்புச் சுவரோடு பிணைந்திருக்கிறது. அந்த இதழ்கள் வீங்கி, வலுவிழந்து, பிய்ந்துபோவதுதான் லாமினைட்டிஸ். பிடி தளர்ந்தால் எலும்பு கீழ்நோக்கித் திரும்பிவிடும், அல்லது அப்படியே இறங்கிவிடும். குதிரையின் எடை முழுக்க இந்தப் பிடிப்பில்தான் தொங்குகிறது என்பதால் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் இன்னும் கொஞ்சம் பிய்க்கும். கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் காரணம் இதுதான்.

படி 1: நடக்க வைக்காதீர்கள்

"கொஞ்சம் நடத்திப் பாருங்க, ரத்த ஓட்டம் வந்தா சரியாயிடும்" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். கேட்காதீர்கள். திடலில் நின்றுவிட்டால் முடிந்தவரை அருகிலேயே நிழலும் மெத்தென்ற தரையும் ஏற்பாடு செய்யுங்கள். கொட்டடிக்குக் கொண்டுபோயே ஆகவேண்டும் என்றால் மிகக் குறுகிய வழியில், சிமெண்டுப் பாதையைத் தவிர்த்து, அது போகும் வேகத்திலேயே கூட்டிப்போங்கள். படுக்க விரும்பினால் படுக்கட்டும், எழுப்பாதீர்கள். படுத்திருக்கும்போது குளம்பில் எடை இல்லை.

படி 2: தரை

வலி நிவாரணத்தில் பாதி தரையில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். சிங்கப்பூரில் நான் பார்த்த கொட்டடிகளில் சிமெண்டுத் தரை, அதன்மேல் ரப்பர் பாய், அதன்மேல் மெல்லிய படுகையாக மரச்சீவல். நல்ல காலுள்ள குதிரைக்கு அது போதும். நோயுள்ள குதிரைக்குப் போதாது. சுவரிலிருந்து சுவர்வரை, கதவு வாசல்வரை, குறைந்தது ஒரு முழ உயரத்துக்கு மரச்சீவல் நிரப்புங்கள். பலர் கதவருகே விட்டுவிடுவார்கள், ஆனால் குதிரை நாளில் பெரும்பகுதி தலையை வெளியே நீட்டி நிற்கும் இடமே அதுதான். சீவல் குளம்பின் அடியில் அடைந்து, பாதம் முழுவதையும் தாங்கும். குதிரை குளம்பு நுனியை உள்ளே புதைத்து, தனக்குச் சுகமான கோணத்தைத் தானே தேடிக்கொள்ளும். இங்கே ஈரப்பதம் அதிகம் என்பதால் நனைந்த சீவலைக் காலை மாலை இருவேளையும் அள்ளிவிடுங்கள்.

அடுத்தது குளம்புக்கு அடியில் கட்டும் ஸ்டைரோஃபோம். டாக்டர் சரி என்று சொன்னபின் கட்டுங்கள். ஈரச்சந்தையில் மீன் வரும் வெள்ளைப் பெட்டியை வெட்டிக் கட்டலாமா என்று நினைக்கவேண்டாம், அது சீக்கிரமே பொடியாகிவிடும். ஹார்ட்வேர் கடையில் வெப்பத்தடுப்புக்கு விற்கும் நெருக்கமான பலகை, 5 செண்டிமீட்டர் கனத்தில் கேட்டு வாங்குங்கள். குளம்பை அதன்மேல் வைத்துக் கோடு போட்டு, அளவாக வெட்டி, டக்ட் டேப்பால் குளம்புச் சுவரைச் சுற்றி ஒட்டவேண்டும். டேப் குளம்புக்கு மேலே தோல் தொடங்கும் இடத்தை இறுக்கக்கூடாது.

ஓரிரு நாளில் அந்தப் பலகை நசுங்கி, பாதத்தின் அச்சு அப்படியே அதில் பதிந்திருக்கும். அதைத் தூக்கி எறியாதீர்கள். குளம்பின் அடியில் ‘வி’ வடிவில் ரப்பர் போல இருக்குமே, லாடக்காரர்கள் ஃப்ராக் என்பார்கள், அதன் கூர்முனைக்கு முன்னால் வரும் பகுதியை மட்டும் நசுங்கிய பலகையிலிருந்து வெட்டி எடுத்துவிடுங்கள். மிச்சத்தை அதே இடத்தில் வைத்து, அதற்கு அடியில் புதிய முழுப் பலகை ஒன்றைச் சேர்த்துக் கட்டுங்கள். இப்போது பாதத்தின் பின்பாதி எடையைத் தாங்கும், வலி அதிகமுள்ள முன்பகுதிக்கு ஓய்வு கிடைக்கும். சிட்டுவின் நிற்கும் தோரணை மாறியது இதற்கப்புறம்தான். ஒரு காலைத் தூக்கினால் மறுகாலில் சுமை கூடி அவள் துடிப்பாள். அதனால் அவள் படுத்திருக்கும் நேரம் பார்த்துக் கட்டுவோம். ஒருவர் தலைப்பக்கம் நிற்கவேண்டும், கட்டுபவர் எப்போதும் அவள் முதுகுப்பக்கமாக இருக்கவேண்டும்.

படி 3: குளம்பு நாடி

எனக்குப் பிடிபட நீண்ட நாள் எடுத்தது இது. எல்லாரும் "நாடி பாருங்கள்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்கே, எப்படி என்று சொல்வதில்லை.

குளம்பிலிருந்து மேலே வந்தால் முதலில் ஒரு மூட்டு வரும். அந்த மூட்டின் பின்பக்கம், உள்பக்கத்திலும் வெளிப்பக்கத்திலும் சின்ன மேடாக எலும்பு தட்டுப்படும். அந்த மேட்டின் மேல் விரலைக் குறுக்காக மெதுவாக நகர்த்துங்கள். தோலுக்கு அடியில் சற்றே தடித்த நூல் ஒன்று உருளும். ரத்தக்குழாய்களும் நரம்பும் சேர்ந்து போகும் கட்டு அது. அங்கே நிறுத்தி, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வைத்து, லேசாக அழுத்திக் காத்திருங்கள். அதிகமாக அழுத்தினால் ரத்த ஓட்டமே நின்று எதுவும் தெரியாது. இரண்டு மூன்று விதமாக அழுத்தத்தை மாற்றிப் பார்க்கவேண்டும். எங்கள் லாயத்தில் குதிரைகளைப் பராமரிக்கும் மூத்த சைஸ் அண்ணன் என் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "கட்டைவிரல எடும்மா. அது உன்னோட நாடி."

ஆரோக்கியமான குதிரையில் இந்த நாடி மெல்லியதாக, தேடித்தான் கிடைக்கும். லாமினைட்டிஸில் விரலைத் தட்டுவதுபோல் துள்ளும். அதனால் நோய் வருவதற்கு முன்பே, நல்ல நாட்களில், நான்கு கால்களிலும் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். நலமான நாடி எப்படி இருக்கும் என்று தெரிந்தவருக்குத்தான் துள்ளல் புரியும்.

குளம்பின் சூட்டை மட்டும் நம்பாதீர்கள். 32, 33 டிகிரி வெயில் அடிக்கும் ஊர் இது, மதியத்தில் எல்லாக் குளம்பும் சுடும். நான் விடியற்காலையில், வெயில் ஏறுமுன், நாடியையும் சூட்டையும் சேர்த்துப் பார்த்துக் கைப்பேசியில் குறித்து வைப்பேன். கூடவே இதயத் துடிப்பு. பெரிய குதிரைக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை வழக்கம், மட்டக்குதிரைக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். வலி ஏறினால் துடிப்பும் ஏறும். மருந்து வேலை செய்கிறதா என்று டாக்டருக்குச் சொல்ல இந்தக் குறிப்பைவிட நல்ல சான்று கிடையாது.

படி 4: ஐஸ்

இது நோய் தொடங்கிய முதல் இரண்டு மூன்று நாளுக்கு உரியது. அதிலும் தானியத்தை மேய்ந்துவிட்டதாலோ கடும் குடல் நோயாலோ வரும் வகைக்கு மிகவும் உதவும். காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் என்பதெல்லாம் பயன்படாது. 48 முதல் 72 மணி நேரம் இடைவிடாமல், குளம்பின் வெப்பம் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்கும்படி செய்யவேண்டும். தண்ணீரும் ஐஸும் கலந்து, குளம்பு முழுகி, முதல் மூட்டைத் தாண்டி முழங்காலுக்குக் கீழ்ப் பாதிவரை நிற்கவேண்டும். மருந்துக்கடை ஜெல் பேக் இந்த வேலைக்கு ஆகாது.

விலையுயர்ந்த ஐஸ் பூட்டைவிட எனக்குப் பிடித்தது டாக்டரிடம் கேட்டு வாங்கும் காலியான 5 லிட்டர் குளுக்கோஸ் பை. ஒரு முனையை வெட்டி, காலில் சாக்ஸ் போல மாட்டி, ஐஸும் தண்ணீரும் நிரப்பி, மேலே தளர்வாக டேப் சுற்றவேண்டும். நம் ஊர் வெப்பத்தில் மணிக்கு ஒரு தரம் பார்த்து நிரப்பவேண்டியிருக்கும், இரவிலும்தான். முறைபோட்டு விழித்திருக்க ஆட்களை முதலிலேயே பேசி வையுங்கள்.

படி 5: மருந்து

ஃபெனைல்பியூட்டசோன், லாயத்தில் எல்லாரும் பியூட் என்பார்கள், அல்லது ஃப்ளூனிக்சின். இரண்டில் ஒன்றை டாக்டர் எடைக்குத் தக்கபடி தருவார். இரண்டையும் நீங்களாகச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். வயிற்றிலும் குடலிலும் புண் வரும், சிறுநீரகமும் கெடும். தீவனத்தை ஒதுக்குவது, கழிச்சல், வாயில் புண் இவற்றைப் பார்த்தால் உடனே சொல்லுங்கள். மருந்து கொடுத்தபின் குதிரை தெளிவாக நிற்கும், நடக்கக்கூட முயலும். அப்போதும் கொட்டடிக்குள்ளேயே ஓய்வு தொடரவேண்டும். வலிதான் அடங்கியிருக்கிறது, பிய்ந்த இதழ்கள் இன்னும் சேரவில்லை.

படி 6: தீவனம்

தானியம், தவிடு, இனிப்புத் தீவனம் எல்லாவற்றையும் அன்றே நிறுத்துங்கள். கொழுத்த மட்டக்குதிரைகளுக்கும் வயதானவற்றுக்கும் பெரும்பாலும் இன்சுலின் கோளாறுதான் காரணம். டாக்டரிடம் சொல்லி இன்சுலினும், வயதான குதிரையென்றால் குஷிங் என்ற ஹார்மோன் நோய்க்கான ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் காலை மட்டும் பார்த்தால் நோய் திரும்ப வரும்.

உலர்புல் மட்டும் கொடுங்கள், உடல் எடையில் சுமார் 1.5 சதவீதம். சிட்டுவுக்கு அது 4.5 கிலோ. பட்டினி போடவே கூடாது. கொழுத்த மட்டக்குதிரை சாப்பிடாவிட்டால் உடல் கொழுப்பு ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகும். இங்கே புல் எல்லாம் கப்பலில் வருவது. ஓட்ஸ் புல்லில் சர்க்கரை மிகுதியாக இருக்கலாம் என்பதால் நான் திமோத்தி புல்லைத்தான் வாங்குவேன். விற்பவரிடம் பரிசோதனைத் தாள் கேளுங்கள். சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து 10 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். தாள் இல்லையென்றால் புல்லை 30 முதல் 60 நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து வடித்துக் கொடுங்கள், சர்க்கரையில் ஒரு பகுதி கரைந்து போகும். குளிர்நாட்டு வழிகாட்டிகளில் இரவெல்லாம் ஊறவைக்கச் சொல்வார்கள். இந்த வெப்பத்தில் அது புளித்துவிடும், செய்யாதீர்கள். வடித்த பழுப்புத் தண்ணீரை மழைநீர் வடிகாலில் ஊற்றாதீர்கள், பல இடங்களில் அது நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. ஊறிய புல்லில் தாது உப்புகளும் குறையும். அதற்கு இனிப்பில்லாத தாதுக்கலவை ஒன்றை டாக்டரைக் கேட்டுச் சேருங்கள்.

நம் வீட்டு ஆட்களுக்கு இதைத் தனியாகச் சொல்லவேண்டும். குதிரை என்றாலே கொள்ளு என்பது நமக்கு ஊறிப்போன எண்ணம். கொள்ளில் மாவுச்சத்து அதிகம், இந்த நோய்க்கு அது வேண்டாம். பொங்கல், தீபாவளி நாட்களில் பார்க்க வரும் அத்தையும் மாமாவும் கையில் வெல்லமோ வாழைப்பழமோ கொண்டு வருவார்கள். அன்பாகத் தடுத்துவிடுங்கள். நான் கொட்டடிக் கதவில் "சிட்டுவுக்குச் சர்க்கரை நோய் மாதிரி, எதுவும் கொடுக்காதீங்க" என்று எழுதி ஒட்டினேன். நம் குடும்பங்களில் சர்க்கரை என்றால் எல்லாருக்கும் உடனே புரிந்துவிடும்.

படி 7: எக்ஸ்ரேயும் லாடமும்

பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்காமல் லாடக்காரர் குளம்பைச் செதுக்கக்கூடாது. எலும்பு எவ்வளவு திரும்பியிருக்கிறது, குளம்பின் அடித்தோல் எவ்வளவு கனம் மிஞ்சியிருக்கிறது என்று படம் பார்த்தால்தான் தெரியும். டாக்டரையும் லாடக்காரரையும் ஒரே நாளில் வரவழையுங்கள். கடும் வலியில் இருக்கும்போது லாடத்தைப் பிடுங்க அவசரப்படவேண்டாம், ஒவ்வோர் ஆணியும் வலிக்கும். குளம்பு மாதத்துக்கு ஒரு செண்டிமீட்டர்கூட வளராது. முன்பகுதி முழுவதும் புதிதாக இறங்கி வர 9 முதல் 12 மாதம் ஆகும். அதுவரை நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை செதுக்கல் தேவைப்படும்.

எல்லாம் செய்தும் வலி அடங்காமல் குதிரை நாள் முழுக்கப் படுத்தே கிடந்தால், அல்லது எலும்பு அடித்தோலைத் துளைத்துவிட்டால், அதைத் துன்பமில்லாமல் அனுப்பிவைப்பது பற்றி டாக்டரிடம் பேசவேண்டும். முதல் வாரத்திலேயே, மனம் தெளிவாக இருக்கும்போதே, "எந்த நிலைக்கு அப்பால் இவளைத் தவிக்கவிடக் கூடாது" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்டேன். கேட்டது அவளுக்கு நான் செய்த கடமை என்றே நினைக்கிறேன்.

பின்சேர்க்கை

முன்பு பந்தயத்தில் ஓடிய குதிரையை வைத்திருக்கும் ஒருவர், ஒரு காலில் தசைநார் கிழிந்து கட்டுப்போட்டிருப்பதாகவும், மற்றக் காலைப் பற்றிக் கவலைப்படவேண்டுமா என்றும் கேட்டிருந்தார். கட்டாயம் கவலைப்படவேண்டும். ஒரு கால் வலித்தால் எடையெல்லாம் எதிர்க்காலில் விழும், அங்கே லாமினைட்டிஸ் வரலாம். 2006இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற பார்பரோ என்ற குதிரை அடுத்த பந்தயத்திலேயே வலது பின்னங்காலை முறித்துக்கொண்டது. பிறகு இடது பின்னங்காலில் லாமினைட்டிஸ் வந்து, முன்னங்கால்களுக்கும் பரவி, 2007 ஜனவரியில் அதைக் கருணைக்கொலை செய்யவேண்டி வந்தது. ஆகவே நல்ல காலுக்கும் இப்போதே ஸ்டைரோஃபோம் கட்டலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், அந்தக் காலின் நாடியையும் தினமும் பாருங்கள்.

இன்னொருவர் ஸ்டைரோஃபோம் டேப் மழைக்காலத்தில் நிற்பதில்லை என்றார். ஒட்டுமுன் குளம்புச் சுவரைத் துணியால் துடைத்து, ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து உலர்த்துங்கள். முதல் சுற்று நீட்டி ஒட்டும் துணிக் கட்டு, அதன்மேல் டக்ட் டேப் என்று இரண்டு அடுக்காகப் போட்டால் நிற்கிறது.