78 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 78 சுற்று) இசைத்தட்டுகளை ஆவணப்படுத்துவது எப்படி?

மென்மையான தூரிகை, டார்ச், பூதக்கண்ணாடி, கேமரா, ஒரு விரிதாள். இவ்வளவு இருந்தால் தொடங்கலாம்.

1. துடைப்பதற்கு முன்பே படம் எடுங்கள். உறை, இரண்டு லேபிள்கள், ஒட்டிய சீட்டு, பென்சில் கிறுக்கல் எல்லாமே வேண்டும். தட்டின் வரிகளில், அதாவது ஊசி ஓடும் பள்ளங்களில், விரல் படக் கூடாது.

2. லேபிளுக்கும் கடைசி வரிக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மேட்ரிக்ஸ் எண் தெரியும். புதிதாக வருபவர்கள் தவறவிடுவது இதைத்தான். லேபிளில் உள்ள விற்பனை எண் தட்டுக்கு உரியது. மேட்ரிக்ஸ் எண் அந்தப் பக்கத்தின் ஒலிப்பதிவுக்கு உரியது. ஒரே பதிவு பிறகு வேறு விற்பனை எண்ணில், வேறு பாட்டோடு ஜோடி சேர்ந்து, சமயத்தில் பாடகர் பெயரே மாறிக்கூட வந்திருக்கும். எண்ணை ஒட்டி 1, 2 என்றோ ஓர் எழுத்தோ இருந்தால் அது பெரும்பாலும் டேக். டேக் மாறினால் பாடியதே வேறு தடவை. அதேசமயம், அதே பதிவைப் பிரதி எடுத்தபோது புது எண் கொடுத்த கம்பெனிகளும் உண்டு. அதனால் எண் வேறு என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், இரண்டையும் கேட்டு ஒப்பிடுங்கள்.

சின்னங்களையும் விடாதீர்கள். விக்டர் கம்பெனித் தட்டில் நீள்வட்டத்துக்குள் வி.இ. என்றிருந்தால், எச்.எம்.வி. கம்பெனித் தட்டில் எண்ணுக்குப் பின் சிறு முக்கோணம் இருந்தால், அது மின்முறைப் பதிவு, மைக் வைத்துப் பதிந்தது. அதாவது 1925 அல்லது அதற்குப் பிந்தியது.

3. லேபிளில் உள்ளதை எழுத்துப் பிழையோடு அப்படியே விரிதாளின் ஒரு பத்தியில் ஏற்றுங்கள். திருத்திய பெயருக்குத் தனிப் பத்தி. பதிவான தேதி, வெளியான தேதி இரண்டும் தனித்தனி. ஊகித்த தேதிக்கு ‘சுமார்’ போட்டு, ஊகத்தின் காரணத்தையும் எழுதுங்கள்.

4. விற்பனைக்கு இல்லாமல் சொந்தத்துக்காகச் செய்த தனியார் பதிவுகளுக்கு அச்சு லேபிளோ மேட்ரிக்ஸ் எண்ணோ அநேகமாக இருக்காது. 1930களின் நடுவிலிருந்து லாக்கர் என்ற மெருகுப் பூச்சு பூசிய அலுமினியத் தட்டுகள் வந்தன. நடுத்துளையின் ஓரத்தில் உலோகம் மின்னும். போர்க்காலத்தில் அலுமினியம் கிடைக்காததால் கண்ணாடியிலும் செய்தார்கள், அவை லேசாக இடித்தாலே உடையும். மேலே படியும் வெண்பொடியைப் பூஞ்சை என்று நினைப்பார்கள். லாக்கரில் கலந்த ஆமணக்கெண்ணெய் சிதைந்து வெளிவரும் அமிலமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பூச்சு உரிந்திருந்தால் கழுவவே வேண்டாம், நிபுணரிடம் கொடுங்கள். பழைய கிராமபோனின் எஃகு ஊசியை இந்தத் தட்டில் வைக்கவே கூடாது, ஒரே தடவையில் வரிகளை அரித்துவிடும். சில தட்டுகளில் ஊசி உள்ளிருந்து வெளியே ஓடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

5. ஷெல்லாக் (அரக்கு) கலந்து செய்த தட்டில் ஸ்பிரிட் படக் கூடாது, கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீர் போதும், லேபிள் நனையாமல்.

6. ஒலியைக் கணினிக்கு மாற்றும்போது சுமார் 76 மைக்ரான் ஊசி வேண்டும். எல்.பி. எனப்படும் பிற்கால நீண்ட நேரத் தட்டுகளுக்கான சிறிய ஊசி வரியின் அடியில் போய் உட்கார்ந்து, இரைச்சலைத்தான் பொறுக்கும். 1925க்கு முந்திய தட்டுகளில் 78 என்ற வேகத்தை நம்பாதீர்கள், அது தட்டுக்குத் தட்டு மாறும்: 78இல் ஓட வேண்டியதை 74இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைச்சுரம் இறங்கும். பயன்படுத்திய வேகத்தையும் ஊசி அளவையும் குறித்து வையுங்கள். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (WAV) கோப்பாக, இரைச்சல் நீக்காமல் ஒரு மூலப் பிரதி எப்போதும் இருக்க வேண்டும். பாட்டுக்கு முன்னால் வரும் பேச்சு, இருமல், அறிவிப்பு எதையும் வெட்டாதீர்கள். தனியார் பதிவில் பாடியவர் யார் என்பதற்கு அது ஒன்றே சாட்சியாக இருக்கலாம்.