படத்தில் இருப்பது குயில் குளவிதானா? பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

திருநெல்வேலிப் பக்கம் வாழைத்தோட்டத்து மோட்டார் ரூமிலும் பழைய ஓட்டு வீட்டுச் சுவரிலும் குளவி மண்கூடு கட்டாமல் விடாது. வெயில் ஏறிய பிறகு அந்தக் கூட்டுப் பக்கம் நின்று பாருங்கள். பச்சையும் நீலமுமாகப் பளபளத்துக்கொண்டு ஒன்று வந்து உட்கார்ந்து, உணர்கொம்பால் மண்ணைத் தட்டித் தட்டிப் பார்த்தால், அது குயில் குளவியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அடுத்தவர் கூட்டில் முட்டை வைக்கிற க்ரைசிடிடே குடும்பம் இது, உலகத்தில் சுமார் 3,000 இனங்கள் இருக்கின்றன.

எடுத்த படத்தை வைத்து உறுதி செய்வதற்கு, முதலில் நிறத்தை ஓரமாக வையுங்கள். இந்தப் பளபளப்பு சாயம் இல்லை, மேல்தோலின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. அதனால் ஒரே பூச்சி ஒரு கோணத்தில் பச்சையாகவும் இன்னொரு கோணத்தில் நீலமாகவும் படத்தில் விழும்.

அடுத்து, வேறு பூச்சிகளைக் கழித்துவிடுங்கள். கொம்பு கண்ணுக்கே தெரியாத அளவு குட்டையாக, கண் பெரிதாகச் சிவந்திருந்தால் அது பச்சை ஈ. உடம்பு ஒல்லியாக, பின் நான்கு கால்களின் தொடை சிவப்பாக இருந்தால் கரப்பானைப் பிடிக்கிற மரகதக் குளவி, ஆம்புலெக்ஸ். இடுப்பு நூல் மாதிரி நீண்டிருந்தாலும் நாம் தேடுவது அது இல்லை.

இப்போது வயிற்றுப் பகுதிக்கு வாருங்கள், என்னைக் கேட்டால் பாதி வேலை இங்கேதான். மேலிருந்து எடுத்த படத்தில், வயிறு வளையம் வளையமாகப் பிரிந்திருக்கும் கட்டங்களை எண்ணுங்கள். தேனீக்கும் மற்ற குளவிகளுக்கும் ஆறு, ஏழு தெரியும், குயில் குளவியில் பெரும்பாலானவற்றுக்கு மூன்றுதான். பக்கவாட்டுப் படம் இருந்தால் அடிவயிறு உள்ளே குழிந்திருப்பதும் தெரியும். கூட்டுக்காரக் குளவி வந்து தாக்கினால் இது தலையையும் காலையும் அந்தக் குழிக்குள் மடக்கி உருண்டையாகிவிடும், மேலே இருப்பதோ கெட்டியான ஓடு, கொடுக்கு இறங்குவது கஷ்டம். அந்த ஓட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள், புதிதாகக் கொத்திய அம்மி போல உடம்பெல்லாம் குழிகுழியாக இருக்கும். இவ்வளவும் பொருந்தினால் குடும்பம் உறுதி.

பேரினம், அதாவது குடும்பத்துக்குள் நெருங்கிய இனங்களின் தொகுப்பு, அது வரை போக ஆசையா? கடைசிக் கட்டத்தின் பின்விளிம்பைப் பெரிதாக்குங்கள். அங்கே பல் மாதிரி நீட்டிய நான்கு முனை, உடம்பு கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர், முதுகின் பின்பக்கம் ஒரு துருத்தல், இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் ஸ்டில்பம். நம் மண்கூடுகளைத் தேடி வருகிற பெரிய குயில் குளவி அதுதான். க்ரைசிஸ் பேரினத்திலும் பல் உண்டு, எண்ணிக்கை இனத்துக்கு இனம் மாறும். ஹெடிக்ரம் என்ற இன்னொரு பேரினத்துக்குப் பல் இல்லாமல் விளிம்பு வழவழவென்று இருக்கும்.

அப்புறம், இனப்பெயர் வரை போட அவசரப்படாதீர்கள். பின்விளிம்பு தெளிவாக விழாத படத்துக்கு “க்ரைசிடிடே” என்று நிறுத்துவதுதான் நேர்மை. அடுத்த முறை மேல், பக்கம், பின் என்று மூன்று கோணத்திலும் எடுங்கள், பின்விளிம்பில் ஃபோகஸ் விழட்டும். எந்தக் கூட்டின் மேல் உட்கார்ந்திருந்தது என்பதற்கும் தனியாக ஒரு படம் எடுத்து, ஊர் பெயரோடும் தேதியோடும் சேர்த்து வையுங்கள்.