அப்பாவின் படர்தாமரை: முதலில் கால் நகத்தைப் பாருங்கள்

அப்பாவுக்கு 79 வயது. இரண்டு வருடத்தில் ஐந்து முறை தொடையிடுக்கில் படர்தாமரை வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு டியூப் களிம்பு வாங்குவோம். பத்து நாளில் அரிப்பு அடங்கும், டியூப் அலமாரிக்குப் போகும். சில மாதத்தில் மறுபடி சொறிய ஆரம்பிப்பார். "விடுடா, வயசானா தோல் அரிக்கத்தான் செய்யும்" என்பார். நானும் விட்டுவிட்டேன்.

ஐந்தாவது முறை ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். இடுப்பைப் பார்த்து முடித்தவர், "செருப்பைக் கழற்றுங்க, காலைக் காட்டுங்க" என்றார். வலது கட்டைவிரல் நகம் மஞ்சளாகத் தடித்து, ஓரம் மாவு மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. சுண்டுவிரல் இடுக்கில் தோல் வெள்ளையாக ஊறிப்போயிருந்தது. அப்பாவால் குனிய முடியாது, பார்வையும் மங்கல். தன் பாதத்தை அவர் சரியாகப் பார்த்தே பல வருடம் ஆகியிருக்கும். வீட்டில் வேறு யாரும் பார்க்கவில்லை. ஐந்து தடவை வந்தது என்று நான் கணக்கு வைத்திருந்தது ஒரே பூஞ்சைதான். நகத்தில் குடியிருந்துகொண்டு, உள்ளாடை போடும்போதெல்லாம் துணியோடு மேலே ஏறியிருக்கிறது.

அதனால் களிம்பு வாங்குவதற்கு முன்னால், ஒரு நாள் குளித்து முடித்த கையோடு நல்ல வெளிச்சத்தில் உடம்பு முழுக்கப் பாருங்கள். விரலிடுக்கு, நகம், உள்ளங்கால், தொடையிடுக்கு, பிட்டம், அக்குள், தொப்பை மடிப்பு, பெண்களுக்கு மார்பின் அடிப்பகுதி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். உள்ளங்காலில் மாவு பூசினது போல வெளிறிய செதில் இருந்தால் வறட்சி என்று நினைத்துவிடுவோம். பல நேரம் அதுவும் பூஞ்சைதான்.

இதில் பெரிய தடை கூச்சம். "அதெல்லாம் நீ பார்க்க வேண்டாம்" என்று அப்பா கதவைச் சாத்திக்கொண்டார். வற்புறுத்தாமல், முதல் வாரம் பாதத்தை மட்டும் பார்த்தேன். நகம் வெட்டிவிடுகிறேன் என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். அடுத்த வாரம், "களிம்பை நீங்களே போட்டுக்கோங்க, முதுகுப் பக்கம் எட்டாத இடத்துக்கு மட்டும் நான் போடறேன்" என்றேன். அதற்குச் சம்மதித்தார். ஒரு கைக்கண்ணாடியும் கொடுத்தேன். அவர் சம்மதத்தோடு கைபேசியில் படம் எடுத்து வைத்ததும் உதவியது. போன வாரத்தைவிட வட்டம் சுருங்கியதா, விரிந்ததா என்று நினைவை நம்பிச் சொல்ல முடியாது.

எல்லாச் சிவப்பும் ஒன்றல்ல. ஓரம் மேடாகச் செதிலோடும் நடுப்பகுதி தெளிந்தும் வட்டமாகப் பரவினால் பெரும்பாலும் படர்தாமரை. மடிப்புக்குள் ஈரமாகச் செக்கச்செவேலென்று இருந்து, சுற்றிலும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தெறித்திருந்தால் அது கேண்டிடா எனும் ஈஸ்ட் வகைப் பூஞ்சையாக இருக்கலாம். நிஸ்டாட்டின் களிம்பு ஈஸ்ட்டுக்கு மட்டும்தான் கேட்கும், படர்தாமரையை அது தொடாது. குளோட்ரிமசோல் இரண்டுக்கும் ஆகும். சொரியாசிஸும் கரப்பானும்கூட இதே இடத்தில் இதே மாதிரி தெரியும். திரும்பத் திரும்ப வருகிறது என்றால், ஓரத்தைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சின்னச் சோதனைதான், வலிக்காது.

இப்போது என் தவறு. நாங்கள் வாங்கிவந்த டியூப்பில் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருந்தது. மருந்துக் கடையில் "உடனே கேட்கும்" என்று கொடுத்தார்கள். உண்மையிலேயே உடனே கேட்டது! ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கும், பூஞ்சையோ அடியில் நிம்மதியாகப் பரவும். வட்டம் கலைந்து உருத் தெரியாமல் போவதால் மருத்துவருக்கும் குழப்பம். வயதானவர்களின் தோல் ஏற்கெனவே மெல்லியது. இடுக்கில் ஸ்டீராய்டு பட்டால் இன்னும் மெலிந்து வரிவரியாகக் கீறும். டியூப்பில் குளோபிட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இருந்தால் மருத்துவரிடம் காட்டி நிறுத்துங்கள். நிறுத்திய சில நாள் அரிப்பும் சிவப்பும் கூடும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். நான் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இரவு அப்பா பழைய டியூப்பைத் தேடி எடுத்துவிட்டார்.

களிம்பு போடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. கழுவி, ஒற்றித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிசாகத் தடவ வேண்டும். சிவப்பு தெரியும் இடத்தோடு நிறுத்தாமல், ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு விரல் அகலம், சேர்த்துப் போடுங்கள். தோல் தெளிந்த பிறகும் ஒன்று அல்லது இரண்டு வாரம் தொடருங்கள், அல்லது மருத்துவர் சொன்ன நாள் வரைக்கும். அரிப்பு நின்றதும் நிறுத்துவதுதான் எங்கள் வீட்டு வழக்கமாக இருந்தது. குளியலறைக் கதவின் உள்பக்கம் நாள்காட்டி ஒட்டி, காலை மாலை பென்சிலால் கோடு போட்டோம். களிம்பை நான் போட்ட நாளில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஒரு நாள் மறந்தேனோ, துண்டு மாறியதோ, என் முழங்கைக்குக் கீழே ஒரு வட்டம் வந்துவிட்டது. வீட்டில் யார் யாருக்கு இருக்கிறதோ அவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் மருந்து போட வேண்டும். இல்லாவிட்டால் அது வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

மருந்துக்குச் சமமாக ஈரத்தைக் கவனியுங்கள். பாதத்துக்குத் தனித் துண்டு வையுங்கள். மற்ற இடத்தைத் துடைத்தபின் கடைசியாகப் பாதம். உடுத்தும்போது காலுறை முதலில், உள்ளாடை அப்புறம். நகத்தில் இருப்பது இடுப்புக்கு ஏறாமல் தடுக்கும் வழி இதுதான், செலவே இல்லை. கை நடுங்குகிறவர்களுக்கு விரலிடுக்கைத் துடைப்பது பெரிய வேலை; முடி உலர்த்தும் கருவியைச் சூடில்லாத காற்றில் வைத்துக் காட்டலாம். உள்ளாடை, துண்டு, படுக்கை விரிப்பு மூன்றையும் 60 டிகிரி சூட்டு நீரில் துவைத்து முழுக்கக் காயவிடுங்கள். ஈரத் துணியைக் கூடையில் குவிக்காதீர்கள். ஒரே காலணியைத் தினமும் போடாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றுங்கள். நகவெட்டியும் தனியாக இருக்கட்டும். சிறுநீர்க் கசிவு இருப்பவர்களுக்கு நனைந்ததும் மாற்றுவது முக்கியம். தோலில் கிருமிநாசினி ஊற்றித் தேய்க்கவே கூடாது. பூண்டு அரைத்துக் கட்டுவது, எலுமிச்சை தேய்ப்பது எல்லாம் வயதான தோலைப் புண்ணாக்கிவிடும்.

நகத்துக்கு மாத்திரை உண்டு. டெர்பினாஃபின் கால் நகத்துக்கு வழக்கமாக 12 வாரம். ஆனால் நகம் முழுக்க வளர்ந்து மாற ஒரு வருடத்துக்கு மேலாகும். கல்லீரல் பரிசோதனை இல்லாமல் தொடங்கக் கூடாது. சிலருக்கு நாக்கில் ருசி போய்விடும். ஏற்கெனவே குறைவாகச் சாப்பிடுகிற முதியவருக்கு இது சின்ன விஷயமில்லை. இட்ராகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மாத்திரை இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது, கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினோடும் சேராது. ஃபுளூகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும். கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகளோடு சேர்ந்தால் சர்க்கரை திடீரெனத் தாழலாம். ஆகவே எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். அப்பாவிடம் ஒன்பது அட்டை இருந்தது. அதையெல்லாம் பார்த்துவிட்டு மாத்திரை வேண்டாம், நகத்தில் பூசும் மருந்து போதும் என்று மருத்துவர் முடிவெடுத்தார். அது மெதுவாகத்தான் வேலை செய்யும், நகம் முழுசாகத் தெளியாமலும் போகலாம். எனக்கு அதில் வருத்தமில்லை. நகம் அழகாக வேண்டாம், இடுப்புக்கு ஏறாமல் இருந்தால் சரி.

சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். அடிக்கடி வரும் ஈஸ்ட் சில நேரம் கண்டுபிடிக்கப்படாத சர்க்கரை நோயின் முதல் அடையாளம். ஏற்கெனவே நோய் உள்ளவர் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிட்டால், அவை சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றுவதால் பிறப்புறுப்பில் பூஞ்சை வர வாய்ப்பு கூடும். தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காலில் சிவப்பு பரவி, சூடாகி, வீங்கி, காய்ச்சலும் வந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். விரலிடுக்கு வெடிப்பு வழியாகப் பாக்டீரியா நுழைந்திருக்கலாம். சர்க்கரை உள்ளவரின் பாதத்தில் சின்னப் புண்ணுக்கும் இதே அவசரம்தான்.

இப்போது ஞாயிறு காலைகளில் அப்பாவின் காலைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. பதினான்கு மாதத்தில் ஒரே ஒரு முறை திரும்பி வந்தது, சட்டைப் பொத்தான் அளவில். அப்பாதான் கைக்கண்ணாடியில் கண்டுபிடித்துச் சொன்னார். அன்றைக்கே களிம்பை எடுத்தோம், நாள்காட்டியில் கோடும் ஆரம்பித்தது.