வள்ளி கும்மிக்கு முன்னால் ரவை உப்புமா: உடற்பயிற்சியில் வரும் கடும் ஒவ்வாமையை எப்படிச் சமாளிப்பது?

கோவை ரேஸ்கோர்ஸில் வேக நடை, மருதமலைப் படியேற்றம், ஊர்த் திடலில் வள்ளி கும்மிப் பயிற்சி என எதில் வேண்டுமானாலும் இது வரலாம். முதலில் உள்ளங்கை அரிக்கும், உடம்பு காந்தும், பிறகு தடிப்புத் தடிப்பாக எழும்பும். "காணாக்கடிங்க, வெத்தலையும் மொளகும் மெல்லுங்க" என்பார்கள். ஆனால் தடிப்போடு மூச்சுத்திணறல், தொண்டை அடைப்பு, குரல் கம்முதல், தலைசுற்றல், விடாத வாந்தி இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அதை அனாபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

1. உடனே நிறுத்துங்கள். "இந்தப் பாட்டு முடியட்டுமுங்க" என்ற பேச்சே வேண்டாம்.

2. மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் காலை நீட்டிச் சாய்ந்து உட்காரலாம். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கட்டும். நம்மூரில் செய்வது என்ன? கைத்தாங்கலாக நடத்திப் போய் பைக்கில் நடுவில் உட்காரவைப்பது. ரத்த அழுத்தம் சரிந்திருக்கும்போது நிமிர்த்தினால் இதயமே நின்றுபோகலாம்.

3. மருத்துவர் எழுதிக்கொடுத்த அட்ரினலின் ஊசி இருந்தால், அவர் சொன்ன அளவில், தொடையின் வெளிப்பக்க நடுவில் தசைக்குள் போடுங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். அவில், செட்ரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகள் அரிப்பைத்தான் அடக்கும், மூச்சைக் காப்பாற்றாது. தெளிந்த பிறகும் சில மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், திரும்ப வருவதுண்டு.

4. அப்புறம் துப்பறியும் வேலை. இந்த ஒவ்வாமையில் ஒரு வகை வருவதற்குச் சாப்பாடும் உழைப்பும் சேர வேண்டும். இந்த வகை வந்ததாக 1979இல் மருத்துவ இதழில் பதிவானவருக்குச் சிப்பி வகை உணவு காரணம். கோதுமை முக்கியமான குற்றவாளி. அதிலுள்ள ஒமேகா-5 கிளையடின் என்ற புரதம்தான் வினை. சப்பாத்தி தின்றுவிட்டு டிவி பார்த்தால் ஒன்றும் ஆகாது, அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. பரோட்டா, பன் மட்டுமில்லை, ரவை, சேமியா எல்லாமே கோதுமை. கூட்டுப் பெருங்காய டப்பாவிலும் கோதுமை மாவு இருக்கலாம், பின்பக்கம் படியுங்கள். ஆடுவதற்கு முன் என்ன சாப்பிட்டார், ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென் போட்டாரா, மாதவிடாயா, வெக்கை எப்படி என்று எழுதிவையுங்கள். இவையும் தூண்டிவிடும்.

5. அந்தக் குறிப்போடு ஒவ்வாமை மருத்துவரைப் பாருங்கள். 'தின்னுட்டு ஓடிப் பாக்கலாம்' என்று வீட்டில் சோதிக்காதீர்கள். கோதுமைதான் என்று உறுதியானால், அதைச் சாப்பிட்டு 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஆட்டம், ஓட்டம் எதுவும் கூடாது. பயிற்சி நாளில் அரிசிச் சந்தகையோ கம்மஞ்சோறோ போதும். உணவு எதுவும் பிடிபடாதவர்களும் உண்டு. அவர்களுக்கு முதல் அரிப்பிலேயே நிறுத்துவதுதான் வழி.

6. தனியாகப் போகாதீர்கள். ஊசி எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது என்று கும்மி ஆசிரியருக்கும் கூட ஆடுபவர்களுக்கும் காட்டிவையுங்கள். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் மட்டும் வைக்க வேண்டாம், சித்திரை வெயிலில் மருந்து கெட்டுவிடும்.