பழைய ஆம்ப், பழைய ஸ்பீக்கர் வச்சு கம்மி செலவுல வீட்ல ஸ்டீரியோ: குண்டு பல்புல இருந்து ஆரம்பிங்க

70, 80-கள்ல வந்த ஆம்ப்ளிஃபயர் எதுக்குன்னு நிறைய பேர் கேக்குறாங்க. 1974-ல அமெரிக்காவுல ஆம்ப் பவரை எப்படி அளந்து விளம்பரத்துல போடணும்னு ஒரு சட்டமே வந்துச்சு, அதுக்கப்புறம் வந்த செட்டுல 30 வாட்ஸ்னு போட்டிருந்தா பெரும்பாலும் நெசமாவே 30 வாட்ஸ் இருக்கும். நம்மூர்ல 2000 வாட்ஸ் பிஎம்பிஓ (விளம்பரத்துக்காக ஊதிப் பெருக்கின உச்ச பவர்) ஸ்டிக்கர் ஒட்டின டப்பாவெல்லாம் பாத்து வளந்தவங்களுக்கு 30 வாட்ஸ்னா சிரிப்பு வரும், ஆனா 10-க்கு 12 ரூமுக்கு அதுவே பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவ தட்டுற அளவு சத்தம்.

என் சாய்ஸ் டெக்னிக்ஸ், பயனியர், சான்சூய்ல 30-40 வாட்ஸ் இன்டகிரேட்டட் ஆம்ப் (ரேடியோ இல்லாம, கன்ட்ரோலும் பவரும் ஒரே பொட்டியில). ரேடியோ சேந்த ரிசீவர் பாக்க அழகு, நீல லைட்டெல்லாம் எரியும், ஆனா ரிப்பேர் பண்ண உள்ள ஜாஸ்தி சாமான். முதல் செட்டுக்கு வேண்டாம்.

வாங்குறதுக்கு முன்னாடி பின்பக்கத்த பாருங்க

பவர் கார்டு பக்கத்துல எத்தனை வோல்ட்னு எழுதியிருக்கும். ஜப்பான் உள்ளூர் மாடல்னா 100 வோல்ட், அமெரிக்க மாடல்னா 120. அத நம்ம 230 வோல்ட் பிளக்ல நேரா சொருகினா கதை முடிஞ்சுது. சிலதுல செலக்டர் இருக்கும், 220 இல்லன்னா 240-க்கு திருப்பிட்டா போதும். இல்லன்னா ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேணும், அதுவும் கடையில ரெடியா கிடைக்கிறது பெரும்பாலும் 110 வோல்ட், 100 வோல்ட் செட்டுக்கு அது கொஞ்சம் ஜாஸ்தி. நான் வைண்டிங் கடையில சொல்லி 100 வோல்ட்டுக்கே சுத்தி வாங்கினேன், ஆம்ப் பின்னாடி போட்டிருக்கற வாட்ஸ விட டபுளா கேளுங்க.

சீரிஸ் லாம்ப் – இத மட்டும் ஸ்கிப் பண்ணாதீங்க

வருஷக்கணக்கா தூங்கின ஆம்பை நேரா கரண்ட்ல போடாதீங்க. எலக்ட்ரீசியன் வச்சிருக்கற சீரிஸ் போர்டு தான் வேணும்: ஃபேஸ் வயர் ஒரு பல்பு வழியா போய் சாக்கெட்டுக்கு வரும், அவ்ளோதான். பல்பு 100 வாட்ஸ் குண்டு பல்பா இருக்கணும், எல்இடி, சிஎஃப்எல் எதுவும் ஆகாது. குண்டு பல்பு இப்போ எல்லா கடையிலயும் இல்ல, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் (எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு) பக்கம் போறப்ப ரெண்டு வாங்கி வச்சுக்கங்க. வயரிங் வேலை கை வராதுன்னா தெரிஞ்ச எலக்ட்ரீசியன் கிட்டயே போர்டு போட்டு வாங்கிடுங்க.

ஸ்பீக்கர் மாட்டாம, வால்யூம் ஜீரோல வச்சு, ஆம்பை அந்த சாக்கெட்ல போட்டு ஆன் பண்ணுங்க. பல்பு பளிச்சுனு ஒரு தடவை எரிஞ்சு ரெண்டு செகண்டுல மங்கி லேசா செவப்பா நின்னா நல்லது. பளிச்சுனே நின்னா உள்ள ஷார்ட், உடனே ஆஃப், மெக்கானிக் கிட்ட போங்க.

இப்போ நான் மண்டைய பிச்சுக்கிட்ட இடம். ரிலே இருக்கற ஆம்புல ஆன் பண்ணி சில செகண்ட் கழிச்சு டக்னு ஒரு சத்தம் வரும், அது ஸ்பீக்கர பாதுகாக்கற ரிலே, தானா மாறற சுவிட்ச். பல்பு மங்கிருச்சு, எல்லாம் சரி, ஆனா டக் வரவே இல்ல, வாங்கினது வீணாப்போச்சோன்னு உக்காந்திருந்தேன். விஷயம் என்னன்னா பல்பும் கொஞ்சம் வோல்டேஜ தின்னும், ஆம்புக்கு போறது கம்மி, அதனால ரிலே அடிக்காம இருக்கலாம். கால் மணி நேரம் அப்படியே விட்டு, சூடு, கருகுற வாசனை எதுவும் இல்லன்னா சீரிஸ் போர்ட எடுத்துட்டு நேரா போடுங்க, அப்பவும் டக் வரலன்னா தான் கோளாறு.

டக் வந்ததும் மல்டிமீட்டர டிசி மில்லிவோல்ட்ல வச்சு ஸ்பீக்கர் டெர்மினல்ல ரெண்டு முனையும் தொடுங்க, ரெண்டு சேனலையும் தனித்தனியா. 50 மில்லிவோல்ட்டுக்குள்ள இருந்தா சந்தோஷம். 100-ஐ தாண்டினா மெக்கானிக். வோல்ட் கணக்குல காட்டினா ஸ்பீக்கர மாட்டவே மாட்டாதீங்க, வூஃபர் (பாஸ் தர்ற பெரிய கோன்) காயில் கருகிடும். மீட்டர் விலை கம்மி தான், ஒரு ஜோடி பழைய ஸ்பீக்கர் மறுபடி அப்படியே கிடைக்காது.

வால்யூம் திருப்பினா கரகரன்னு சத்தம்

பிளக்க பிடுங்கிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு (கெப்பாசிட்டர்ல கரண்ட் தங்கியிருக்கும், உள்ள விரல விடாதீங்க), வால்யூம் கன்ட்ரோலுக்குள்ள (பாட், அதாவது பொட்டென்ஷியோமீட்டர்) கான்டாக்ட் கிளீனர் ரெண்டு சொட்டு விட்டு இருபது தடவை திருப்புங்க. சாதா துருவெடுக்கற ஸ்பிரே அடிக்காதீங்க.

ஸ்பீக்கர்

முன்னாடி துணிய கழட்டி கோன் ஓரத்த லேசா தொட்டு பாருங்க. ஃபோம் விளிம்புன்னா சென்னை காத்துல 15-20 வருஷத்துல பொடியா உதிரும், ரப்பரோ துணியோ இருந்தா நீடிக்கும். ஃபோம் மாத்தலாம், ஆனா விலைய பாதியா கேளுங்க. அப்புறம் ஒரு 1.5 வோல்ட் பேட்டரி எடுத்து, பிளஸ்ஸ பிளஸ்லயும் மைனஸ மைனஸ்லயும் ஒரு நொடி தொடுங்க, ரெண்டு பொட்டிலயும் வூஃபர் முன்னாடி வரணும். ஒண்ணு உள்ள போனா உள் வயர யாரோ மாத்தி மாட்டியிருக்காங்க, அப்படியே விட்டா பாஸ் (அடி சத்தம்) காணாம போயிடும்.

பாட்டு எங்கிருந்து

சின்ன ப்ளூடூத் ரிசீவர் இல்லன்னா போன்ல இருந்து 3.5 ஜாக் டு ஆர்சிஏ கேபிள், ஆம்ப் பின்னாடி ஆக்ஸ்னு (AUX) எழுதின ஓட்டையில மாட்டுங்க. ஆக்ஸ் இல்லன்னா டேப் இன் (பிளே), டியூனர் எதுல வேணா போடலாம், எல்லாம் ஒண்ணு தான். ஃபோனோல மட்டும் வேண்டாம், அது ரெக்கார்டு பிளேயரோட சில மில்லிவோல்ட் சிக்னலுக்கானது, போன மாட்டினா கத்தும், சத்தம் உடைஞ்சு கேக்கும். பழைய பிலிப்ஸ்ல ஐஞ்சு ஓட்டை டின் சாக்கெட் இருந்தா பயப்படாதீங்க, 3 லெஃப்ட், 5 ரைட், 2 கிரவுண்டு.

டர்ன்டேபிள் (ரெக்கார்டு பிளேயர்) கடைசியா வாங்குங்க, காசு தின்னும் பூதம் அது. சூட்கேஸ் டைப் வேண்டவே வேண்டாம்.

பின்னாடி சேர்த்தது: கமென்ட்ல கேட்டாங்க, ஸ்டெப் டவுன் இருந்தா பல்பு எங்கன்னு. சுவத்துக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவுல, 230 பக்கம் தான்.

இன்னொருத்தர் அமெரிக்காவுல இருந்து அனுப்பின பெல்ட் டர்ன்டேபிள் போட்டா பாடகர் தூங்கிட்டே பாடற மாதிரி இருக்குன்னார். ஏசி மோட்டாரா இருந்தா அது 60 ஹெர்ட்ஸுக்கு ஆனது, இங்க 50, அதனால நிமிஷத்துக்கு 33 சுத்து சுத்த வேண்டியது சுமார் 28 தான் சுத்தும். ஸ்டெப் டவுன் வோல்ட்ட தான் மாத்தும், ஹெர்ட்ஸ மாத்தாது. 50 ஹெர்ட்ஸ் புல்லி (மோட்டார்ல பெல்ட் மாட்டற சின்ன சக்கரம்) கிடைக்குதான்னு பாருங்க.

ம்ம்ம்னு ஹம் வருதுன்னு நாலஞ்சு பேர்: டர்ன்டேபிள்ல இருந்து வர்ற மெல்லிசு தனி வயர், அத ஆம்ப் பின்னாடி ஜிஎன்டி ஸ்க்ரூல மாட்டுங்க. மாட்டியும் வந்தா கார்ட்ரிட்ஜ் (ஊசி இருக்கற தலை) பின்னாடி நாலு வயரும் டைட்டா இருக்கான்னு பாருங்க. அப்புறம், தாத்தா காலத்து 78 தட்டு வச்சிருக்கவங்க எல்பி ஊசியில போடாதீங்க, 78-க்கு பள்ளம் அகலம், ஊசி தனியா வரும்.